சாரங்கின் வயிறு

அடித்திருந்தால் தழும்பைக் காட்டலாம். திட்டியிருந்தால் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லலாம். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமலே ஒரு ஆள் காலத்தை ஓட்டிவிட்டால் எதைக் கொண்டுபோய் யாரிடம் காட்டுவது? வாளி என்று எல்லோரும் கூப்பிடுகிற ஆளுக்குப் பட்டது அந்த மாதிரிக் காயம். பதினாறு வருடம் ஒரே படகில் இரண்டாவது ஆளாக நின்றான். சுக்கான் சக்கரம் கை நீட்டினால் எட்டும் தூரத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு தடவைகூடப் படகோட்டுகிற சாரங்கு அதை அவன் கையில் கொடுக்கவில்லை.

இரண்டு கரைக்கும் நடுவே ஆள் ஏற்றிப் போகிற படகு அது. காலையில் ஆபீஸ் கூட்டம், பத்து மணிக்கு மேல் அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், சாயங்காலம் அதே முகங்கள் வாடிப்போய்த் திரும்பும். பாதி தூரம் தண்ணீர் குளம் மாதிரிக் கிடக்கும். நடுவில் கடலைப் பார்த்துத் திறந்த இடம் ஒன்று உண்டு. அங்கே போனதும் படகு தொட்டில் ஆடும், பாதிப் பேருக்கு வயிறு வாய்க்கு வரும். சாரங்கு மேலே சுக்கான் அறையில் நிற்பார். இன்ஜின்காரர் கீழே. வடம் கட்டுவது, ஏறுபலகை போடுவது, வாந்தி எடுப்பவர்களுக்கு வாளி நீட்டுவது, பிறகு அதைக் கழுவுவது எல்லாம் இவன் தலையில்.

இவன் மேலே போக வேண்டுமானால் பரீட்சை ஒரு பெரிய விஷயமில்லை. சாரங்கு ஆபீசுக்குப் போய், "இவன் கை பழகிடுச்சு, நம்பி விடலாம்" என்று சொன்னால் போதும். அதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் கை பழக வேண்டும். கை பழகச் சக்கரத்தைக் கொடுக்க வேண்டும். அங்கேதான் இடித்தது.

"அண்ணே, கரை கிட்ட வந்தாச்சு. இந்தக் கொஞ்ச தூரம் நான் பிடிக்கட்டுமா?"

"உன் வேலை வடத்துல இருக்கு. போய் வடத்தைப் பாரு."

பதினாறு வருடமும் இதே கேள்வி, இதே பதில். இதற்குள் இவனுக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்த மச்சினன் இன்னொரு படகில் சாரங்கு ஆகிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையோடு அக்கா வீட்டுக்கு வந்து, "என்ன அத்தான், கையெல்லாம் இன்னும் வடம் அறுக்குதா? நான் வடத்தைத் தொட்டே ரொம்ப நாளாச்சு" என்பான். அவன் போன பிறகு பெண்டாட்டி ஆரம்பிப்பாள். "என் தம்பி சக்கரம் சுத்துறான். நீங்க இன்னும் ஊரான் வாந்தியைக் கழுவிட்டு இருக்கீங்க. கேக்கத் தெரியாதவருக்கு வாய் எதுக்கு?" கேட்டுக் கேட்டு வாய் தேய்ந்துபோனதை அவளிடம் எப்படிச் சொல்வது.

வாளி என்ற பட்டப்பெயரும் சாரங்கு வைத்ததுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், திறந்த இடத்தில் இவனுக்குக் குடல் புரண்டது. வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சாரங்கு மேலேயிருந்தே வைத்தியம் சொன்னார், பயணிகள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. முதலில் காய்ந்த ரொட்டியைக் கடிக்கச் சொன்னார். பிறகு பச்சை வெங்காயத்தை உடைத்து முகரச் சொன்னார். பழைய பேப்பரை மடித்து வயிற்றில் வைத்துத் துண்டால் இறுக்கச் சொன்னார். கடைசியில் உப்புத்தண்ணீர் குடிக்கச் சொன்னார். அதுதான் மிச்சம் மீதி இருந்ததையும் கொண்டுவந்தது. "பாருங்கய்யா, வாளியும் இவனும் கட்டின புருஷன் பெண்டாட்டி மாதிரி இருக்காங்க" என்றார். படகே சிரித்தது. ஒரு மாதத்தில் இவனுக்கு உடம்பு பழகிவிட்டது. பெயர் மட்டும் போகவில்லை. இவன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சின்ன வாளி, குட்டி வாளி என்று கூப்பிட்டார்கள்.

சாரங்குக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. இரும்புக் குடல். எந்தக் காற்றிலும் அவர் முகம் மாறி யாரும் பார்த்ததில்லை. ஆள் கதவு அகலம் இருப்பார். எல்லோருக்கும் முன்னால் வந்து சுக்கான் அறையில் ஏறினால் கடைசி ஆள் இறங்கிய பிறகுதான் கீழே வருவார். கன்னத்தில் எப்போதும் ஒரு கிராம்பு. உட்கார மாட்டார். சாப்பாடும் நின்றபடிதான், படகு கரையில் கட்டியிருக்கும்போதுதான். பேசும்போது முகத்தைத் திருப்ப மாட்டார். மேனேஜரே வந்து பக்கத்தில் நின்றாலும் கண் எதிர்க் கரையில்தான் இருக்கும். "திமிர்" என்பார் இன்ஜின்காரர். "ஆனா அந்தத் திமிருக்குத் தகுந்த ஆளு. எத்தனை வருஷமா இந்த இன்ஜின் ரூம் பக்கம் ஒரு நாள் எட்டிப் பாத்திருப்பாரா? எண்ணெய் வாசனை ஆகாதாம் ராஜாவுக்கு."

இதையெல்லாம் வாளி மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருந்தான். வெறுக்கிற ஆளைப் பார்க்கிற அளவுக்குக் கட்டின பெண்டாட்டியைக்கூட யாரும் பார்ப்பதில்லை. ஆனால் எதையும் எதோடும் சேர்த்துப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை.

ஒரு மழைக்கால முடிவில், கரையில் கட்டும்போது வடம் சிக்கிக்கொண்டது. வழக்கத்துக்கு மாறாகச் சாரங்கு தானே கீழே இறங்கி வந்து குனிந்து இழுத்தார். படகு பின்வாங்கியது, வடம் இறுகியது, மணிக்கட்டு நொறுங்கியது. மாவுக்கட்டுப் போட்டார்கள். வீட்டில் இருந்தால் ஆபீஸ் வேறு சாரங்கை அனுப்பிவிடும், அப்புறம் படகு திரும்பக் கைக்கு வராது. அதனால் மறுவாரமே வந்துவிட்டார். மேனேஜர் சொன்ன ஏற்பாடு இது: சாரங்கு பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்ல வேண்டும், வாளி பிடிக்க வேண்டும்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று வாளி நினைத்தான். அன்றைக்குக் குளித்து, துவைத்த சட்டை போட்டு, ஒரு டீ அதிகம் குடித்து, சக்கரத்தைப் பிடித்தான். படகு நேராகத்தான் போனது. பத்து நிமிடம் கழித்துப் பக்கத்துப் பெஞ்சிலிருந்து ஒரு சத்தம். சாரங்கு ஒரு கிராம்புக்கு மேல் இன்னொரு கிராம்பைப் போட்டு மென்றுகொண்டிருந்தார். நெற்றி முழுக்க வேர்வை. முகம் சுண்ணாம்பு அடித்த சுவர்.

"கை வலிக்குதாண்ணே?"

"ஆமா, கைதான். நீ முன்னால பாரு."

திறந்த இடம் வந்ததும் எழுந்தார். சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்பக்கம் போனார். கக்கூஸ் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு அந்தக் கதவுக்குள்ளிருந்து வந்த சத்தம் வாளிக்குத் தெரிந்த அளவுக்கு இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது.

சக்கரத்தைப் பிடித்தபடியே அவனுக்கு எல்லாம் விளங்கியது. கிராம்பு, நின்றபடி சாப்பாடு, திரும்பாத முகம், இன்ஜின் ரூம் எண்ணெய் வாசனை. சக்கரத்தைப் பிடித்துத் தூரத்துக் கரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிற வரைக்கும்தான் இந்த ஆள் இரும்பு. சக்கரம் கையை விட்டுப் போனால் டிக்கெட் வாங்கி வருகிற கிழவியைவிட மோசம். பதினாறு வருடமாக இவனிடம் கொடுக்காமல் வைத்திருந்தது ஒரு வேலையை இல்லை, தன் வயிற்றுக்கான மருந்தை. இவன் சம்பளம், இவன் மரியாதை, மச்சினன் முன்னால் குனிந்த தலை, எல்லாவற்றையும் அரைத்துத்தான் அந்த ஆள் தினமும் குடித்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் இன்ஜின்காரரிடம் சொன்னான். அவர் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "இரும்புக் குடலுக்கா வாந்தி? ஒரு நாள் சக்கரம் பிடிச்சதும் உனக்குத் தலைக்கு ஏறிடுச்சு போல. வெளியில சொல்லாதே, பொறாமைல உளறுறான்னு சொல்லுவாங்க."

சரி, சொன்னால் நம்ப மாட்டார்கள், பார்த்தால் நம்புவார்கள் என்று முடிவு கட்டினான். சாரங்கு வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும், இல்லை ஊர் பார்க்க வாந்தி எடுக்க வைக்க வேண்டும். இரண்டில் ஒன்று.

மறுநாளிலிருந்து வைத்தியம் ஆரம்பமானது. பயணிகள் ஏறி நிறைந்ததும் வாளி குரலை உயர்த்துவான். "அண்ணே, காய்ஞ்ச ரொட்டி கொண்டாந்திருக்கேன். கை நோவுக்கு நல்லதாம்." எல்லோரும் பார்க்கும்போது மறுக்க முடியாது. சாரங்கு வாங்கிக் கடிப்பார். திறந்த இடத்தில் எழுந்து பின்பக்கம் போவார். அடுத்த நாள் வெங்காயம். அதற்கடுத்து இஞ்சிச் சாறு, காதில் பஞ்சு. ஒரு நாள் எலுமிச்சம்பழத்தை நறுக்கி மூக்குக்கு நேரே நீட்டினான். மருந்துக்கடையில் கேட்டு மாத்திரையும் வாங்கி வந்தான். அதைத் தின்ற அன்றைக்கு வாந்தி வரவில்லை, ஆனால் மனிதர் பெஞ்சிலேயே வாயைப் பிளந்து தூங்கி, கரை வந்தது தெரியாமல் கிடந்தார். அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை.

பழைய பேப்பரை வயிற்றில் கட்டச் சொன்ன நாள் வாளிக்குக் கரும்பு தின்ன மாதிரி இருந்தது. அவனே மடித்தான், அவனே துண்டால் இறுக்கினான். இரண்டு பேர் மூக்கும் இடிக்கிற தூரம்.

"இறுக்கம் போதுமாண்ணே?"

"தெரிஞ்சுதானே செய்யிற."

"என்ன தெரிஞ்சு? நீங்க சொல்லிக் கொடுத்த வைத்தியம்தான்."

அன்றைக்கு வாளி திறந்த இடத்தில் அலையை நேராக வாங்காமல் கொஞ்சம் ஒதுக்கி, படகின் விலாவில் அடிக்க விட்டான். கொஞ்சம்தான். கக்கூஸ் கதவு மூன்று தடவை சாத்தியது.

மாவுக்கட்டைப் பிரிக்கிற வாரம் வரை இது நடந்தது. கட்டைப் பிரித்தார்கள். மணிக்கட்டு கட்டை மாதிரி நின்றது, திரும்பவே இல்லை. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். அன்று பயணிகள் இறங்கிய பிறகு சாரங்கு சுக்கான் அறைக் கதவைச் சாத்திவிட்டு, முதல் தடவையாக இவன் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"உனக்கு என்ன வேணும்?"

"ஏன் கொடுக்கலைன்னு சொல்லணும். இங்க இல்ல. எல்லாரும் இருக்கிற இடத்துல."

"சின்ன வயசுல நானும் வடம்தான் பிடிச்சேன். தின்னது ஒரு நாளும் தங்கல. பாக்காத வைத்தியம் இல்ல. ஒரு நாள் எங்க சாரங்குக்குக் காய்ச்சல், என்கிட்ட சக்கரத்தைக் கொடுத்தார். அன்னைக்குத்தான் மத்தியானச் சோறு வயித்துல நின்னுச்சு. அப்பவே நெனச்சேன், இதை விட்டா நான் கரையில மூட்டை தூக்கணும். மூணு பொண்ணுங்க எனக்கு. நீ வந்து கேட்டப்போ, நீயா நானான்னு பாத்தேன். நான்னு முடிவு பண்ணேன். தனக்கு மிஞ்சித்தானே தானமும் தருமமும்."

"தப்புன்னு தோணலையா?"

"தோணுச்சு. தோணி என்ன பண்ண, வயிறு கேக்கலையே."

மன்னிப்புக் கேட்டிருந்தால் வாளிக்கு ஒருவேளை ஆறியிருக்கும். இப்படிக் கணக்குப் பேசியதும் நெருப்பில் எண்ணெய் விட்ட மாதிரி ஆனது. "வெளியில சொல்லுங்க. அப்புறம் பாப்போம்" என்று கதவைத் திறந்து போய்விட்டான்.

கை வராது என்று தெரிந்ததும் ஆபீஸ் சாரங்கை வீட்டுக்கு அனுப்ப முடிவு செய்தது. இத்தனை நாள் பிடித்த பழக்கத்தில் வாளிக்குப் பரீட்சை சுலபமாக முடிந்தது. ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. ஆனால் ஊர் இன்னும் இரும்புக் குடல் என்றுதான் சொன்னது. இவனைப் பற்றி, "பதினாறு வருஷமா கை பழகாதவன், ஏதோ அவர் கை உடைஞ்சதால பிழைச்சான்" என்றது. மச்சினனே அதை வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனான்.

வழியனுப்பு ஏற்பாட்டை மேனேஜர் செய்தார். படகிலேயே ஒரு பயணம். முன்பக்கம் நடுவில் ஒரு நாற்காலி, மாலை, மேடைப் பேச்சு. இவ்வளவு காலம் நின்ற மனிதர் ஒரு நாளாவது ராஜா மாதிரி உட்கார்ந்து போகட்டுமே என்று. அதைக் கேட்டதும் வாளி அடக்க முடியாமல் சிரித்தான். சக்கரத்துக்கும் அவருக்கும் முப்பது அடி தூரம், எதிரே நூறு ஜோடிக் கண்கள், பிடித்துக்கொள்ள ஒரு மாலை மட்டும். கடவுளே இறங்கி வந்து வேலை செய்கிறார் என்று தோன்றியது.

முந்தின நாள் சாரங்கு அவன் வீட்டு வாசலுக்கே வந்தார். உட்காரச் சொல்ல வாளிக்கு மனமில்லை.

"நாளைக்குப் பாதி வழியில என்னைக் கூப்பிட்டு, ஆசைக்குப் பிடிங்கன்னு ஒரு வார்த்தை சொல்லு. யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க."

"உங்க வேலை நாற்காலியில இருக்கு. போய் நாற்காலியைப் பாருங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் நல்ல காற்று. சாரங்கின் பெண்டாட்டி, மூன்று பெண்கள், மருமகன்கள், ஆபீஸ்காரர்கள், இன்ஜின்காரரின் வீட்டார் என்று படகு நிறைந்திருந்தது. மேனேஜர் பேச எழுந்தபோது திறந்த இடம் வந்தது. வாளி அலையைப் பார்த்தான். சக்கரத்தைத் திருப்பினான். அலை விலாவில் வந்து முட்டியது. இன்னும் கொஞ்சம் திருப்பினான்.

நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு மற்றது எதுவும் தெரியவில்லை. அங்கேதான் கோட்டை விட்டான். "நமது சாரங்கு அவர்கள் கடலுக்கே..." என்று சொன்ன மேனேஜர் வாயைப் பொத்தினார். பொத்திய கையோடு தன் பூட்சிலேயே வாந்தி எடுத்தார். அதைப் பார்த்த மூத்த மருமகன் பெண்டாட்டி மடியில் எடுத்தார். அடுத்து பெண்கள், ஆபீஸ்காரர்கள், பிள்ளைகள். கம்பி ஓரம் முழுக்கக் குனிந்த முதுகுகள். மூட்டைப்பூச்சிக்கு வீட்டைக் கொளுத்தின கதைதான். சாரங்கும் மாலையை ஒதுக்கிக் குனிந்து எடுத்தார், வாளி கண்ணாரப் பார்த்தான். ஆனால் அவனைத் தவிர யார் பார்த்தார்கள்? எல்லோரும் நிமிர்ந்தபோது அவர் வாயைத் துடைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். கண்ணில் தண்ணீர். "பாவம், பிரிவு தாங்கல" என்றாள் ஒருத்தி.

மேனேஜர் கைக்குட்டையோடு சுக்கான் அறைக்கு ஏறி வந்தார். "என்னய்யா ஓட்டுற? அவர் காலத்துல ஒரு நாள் இப்படி ஆச்சா? இந்த வேலைக்கு உன்னைப் போட்டதே தப்பு. நாளையிலேர்ந்து வடத்துக்கே போயிடு."

வாளி தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டான். அதற்குள் பின்னாலேயே சாரங்கும் ஏறி வந்து நின்றார். இன்னும் பாதி வழி இருந்தது. எல்லோரும் தெளிந்துவிட்டார்கள், இனிமேல் சாரங்கு குனிந்தால் ஊர் பார்க்கும். இரண்டு பேருக்கும் அது தெரியும்.

"சக்கரத்தைக் கொடு," என்றார் மெதுவாக. "நான் சொல்லிடுறேன்."

"முதல்ல சொல்லுங்க."

சாரங்கு மேனேஜர் பக்கம் திரும்பினார். பின்னாலேயே ஏறி வந்த அவர் பெண்டாட்டியும் இன்ஜின்காரரும் வாசலில் நின்றார்கள். "சார், இவன் கையில ஒரு குறையும் இல்ல. பதினாறு வருஷம் நான்தான் சக்கரத்தைக் கொடுக்காம அமுக்கி வச்சேன். எனக்குக் கடல் ஒத்துக்காது. சக்கரம் பிடிக்கலைன்னா வாந்தி வரும். இப்பக்கூட எடுத்தேன். இதுதான் உண்மை."

இன்ஜின்காரர் குலுங்கிச் சிரித்தார். மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாத்தியா? உன் வேலை போகக் கூடாதுன்னு இந்த மனுஷன் தன் பேர்லயே சேற்றைப் பூசிக்கிறார். இரும்புக் குடலுக்குக் கடல் ஒத்துக்காதாம். இவர் கால்ல விழுந்து கும்பிடுடா. இவருக்காக உன்னை விடறேன்." பெண்டாட்டி முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி, "எப்பவும் இப்படித்தான் இவரு, அடுத்தவங்களுக்காக" என்றாள்.

கேட்டது கிடைத்தது. கிடைத்ததில் ஒரு பைசாவுக்கு உப்பு இல்லை. பேச்சு மாற முடியாது, சக்கரத்தைக் கொடுத்தான். ஒரு நல்ல கையாலும் ஒரு கட்டைக் கையாலும் அவர் படகை எதிர்க் கரைக்கு நூல் பிடித்த மாதிரிக் கொண்டுபோனார். முகத்தில் ரத்தம் திரும்பியது. எல்லோரும் கைதட்டினார்கள். வாளிதான் வடம் கட்டினான்.

அதற்குப் பிறகு சாரங்கு படகில் ஏறவே இல்லை. அக்கரையிலிருக்கிற மகள் வீட்டுக்கு, பாலத்தைச் சுற்றிப் பாதி நாள் பஸ்ஸில் போவார். கேட்டால், "நான் ஓட்டாத படகுல எனக்கென்ன வேலை" என்பாராம். அந்தப் பேச்சையும் ஊர் பெருமையாகச் சொன்னது. வாளி தன் படகில் இதைப் பயணிகள் வாயால் கேட்டுக்கேட்டுப் பல்லைக் கடித்தான். வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் உண்மையைச் சொல்லிப் பார்த்தான். நன்றி கெட்டவன் என்ற பெயர்தான் வந்தது.

சில வருடம் கழித்து, அவர் அக்கரை ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், தேற மாட்டார் என்று இன்ஜின்காரர் சொன்னார். வாளி போனான். பாசத்தில் இல்லை. அந்த உடம்பு படுத்துக் கிடப்பதை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றுதான். கதவு அகலம் இருந்த ஆள் கட்டிலில் பாதிக்கு இருந்தார். மகள் மருந்து வாங்கப் போயிருந்தாள். அவர் கண்ணால் கூப்பிட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"சந்தோஷமா?"

"இன்னும் இல்ல," என்றான் வாளி.

அவருக்குச் சிரிப்பு வந்தது, இருமலில் போய் முடிந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு அவன் சட்டையைப் பிடித்தார்.

"மேனேஜர் வந்துட்டுப் போனார். நான் போயிட்டா நம்ம படகுலதான் நம்ம கரைக்குக் கொண்டு போய்ச் சேக்கணுமாம், மரியாதையா. என் பெண்டாட்டியும் சரின்னுட்டா. நான் வேணாம்னா அவ கேக்க மாட்டா, தன்னடக்கம்னு நெனைப்பா. நீ கேப்ப, உனக்கு மட்டும்தான் தெரியும். என்னை அதுல ஏத்திப் படுக்க வைக்காதேடா. வண்டி வச்சு, பாலத்தைச் சுத்திக் கொண்டு போகச் சொல்லு. காரணம் கேப்பாங்க. இன்ஜின் ரிப்பேர்னு சொல்லு, இல்ல உன் கை சரியில்லைன்னு சொல்லு, நம்புவாங்க. என் வயிறுன்னு மட்டும் சொல்லிடாதே."